செவலைக்குப் பத்து நாள் பத்தியம்

2023-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவுக்காக நம் சங்கப் பெண்கள் கும்மி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், நான் மட்டும் இரண்டு வாரம் தொடர்ந்து மட்டம் போட்டேன். "என்ன ஆச்சு?" என்று தொலைபேசியில் கேட்ட தோழியிடம், "வீட்டில் ஆபரேஷன்" என்றேன்.

"ஐயையோ, மாமியாருக்கா?"

"இல்லை, செவலைக்கு."

மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நாய்க்கு ஆபரேஷன் என்றால் நீ எதற்கு லீவு போட வேண்டும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அன்று ஏதோ ஒரு வரி சொல்லிச் சமாளித்தேன். முழுப் பதிலை இப்போது எழுதுகிறேன். நம் சங்கக் குடும்பங்களில் நாய் வளர்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பயன்படலாம். என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிக்கொள்ள எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். நான் செய்த ஒரு தவறுதான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

செவலை எங்களிடம் வந்தது 2022 ஜனவரியில். துவாரகாவில் எங்கள் அடுக்ககத்தின் வாசலில், கடுங்குளிரில் ஒரு காருக்கு அடியில் முனகிக்கொண்டு கிடந்தது. இரண்டு மாதக் குட்டி. என் மகன் ஸ்வெட்டருக்குள் வைத்துத் தூக்கி வந்துவிட்டான். அம்பாசமுத்திரத்திலிருந்து எங்களோடு இருக்க வந்திருந்த என் மாமியார், "எங்கப்பா வீட்டுல இதே நெறத்துல ஒரு காளை நின்னுது. செவலைன்னு கூப்பிடுவோம்" என்றார். பெயர் நிலைத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமிக்கு மட்டும் அது இன்றுவரை 'சேவ்லா'தான்.

அந்த வருடம் செப்டம்பரில் செவலை முதல் முறையாகப் பருவத்துக்கு வந்தது. தரைத்தள வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அதன் அவஸ்தை தெரியும். மூன்று வாரம், ராத்திரி பகல் பாராமல் காலனியின் ஆண் நாய்கள் அத்தனையும் எங்கள் கேட்டுக்கு முன்னால் மாநாடு நடத்தின. பால்காரர் உள்ளே வர மறுத்தார். காலனிச் சங்கத்திலிருந்து இரண்டு முறை வந்து பேசிவிட்டுப் போனார்கள்.

கால்நடை மருத்துவர் கருத்தடை செய்துவிடச் சொன்னார். ஆனால் உடனே இல்லை. பருவ காலத்தில் கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும், ரத்தப்போக்கு அதிகமாகலாம், இரண்டு மூன்று மாதம் போகட்டும் என்றார்.

வீட்டில் எதிர்ப்பு அத்தையிடமிருந்துதான் வந்தது.

"ஏளா, பொட்டைச் சென்மம். ஒரு ஈத்தாவது ஈனட்டும். அதுக்குள்ள வயித்த அறுக்கணுமாக்கும்? வாயில்லாச் சீவன், வேண்டாம்னு அதுக்குச் சொல்லத் தெரியுமா?"

எனக்கும் மனதில் அதே உறுத்தல் இருந்தது. மருத்துவரிடம் கேட்டேன். ஒரு முறை குட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை என்றார் அவர். கருத்தடை செய்யாமல் வயதாகும் பெண் நாய்களுக்குக் கருப்பையில் சீழ் பிடிப்பது சகஜம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. சிறு வயதிலேயே செய்துவிட்டால் பிற்காலத்தில் மடிக்கட்டி வரும் வாய்ப்பும் குறையும். இன்னொன்றையும் சொன்னார்: "நாலைந்து குட்டி பிறந்தால், அத்தனையையும் நீங்களே வளர்ப்பீர்களா?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

2022 டிசம்பர் 26, திங்கட்கிழமை என்று நாள் குறித்தோம்.

முதல் மூன்று நாள்

முதல் நாள் இரவு பத்து மணிக்கு மேல் சாப்பாடு கூடாது என்று உத்தரவு. வயிற்றில் உணவு இருந்தால், மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் அபாயம் உண்டு. பெண் நாய்க்கு இது பெரிய ஆபரேஷன்தான். வயிற்றைத் திறந்து சினைப்பைகளையும் கருப்பையையும் எடுத்துவிடுகிறார்கள். ஆண் நாய்க்கு விதைகளை மட்டும் எடுப்பதால் காயம் சிறியது, சீக்கிரம் ஆறும். ஆனால் ஆண் நாய் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரங்கள் அதனால் சினைப்படுத்த முடியும். "அதுதான் முடிந்துவிட்டதே" என்று உடனே அவிழ்த்து விட்டுவிடக் கூடாது.

அன்று மாலையே செவலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கழுத்தில் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளையம். காயத்தை நக்காமலும் தையலைக் கடிக்காமலும் இருக்க அது. "பழைய கிராமபோன் குழாய் மாதிரியே இருக்கிறது" என்றார் என் கணவர். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கண்கள் பாதி மூடியிருந்தன. கால்கள் பின்னின. இடைவிடாமல் ஒரு முனகல்.

மயக்க மருந்து முழுவதும் இறங்க ஒரு நாள் ஆகும். அதுவரை உடம்பு தன் சூட்டைத் தானே சரியாகக் காத்துக்கொள்ளாது. தில்லி டிசம்பரில் வெறும் தரையில் விட முடியுமா? கூடத்தில் பழைய ரஜாயை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் அத்தையின் நைந்த நூல் சேலையை விரித்தோம். கட்டில்மேல் படுக்க வைக்கவில்லை. தள்ளாட்டத்தில் விழுந்தால் தையல் தெறித்துவிடும். நன்றாக விழித்துத் தலையைத் தூக்கிய பிறகுதான் இரண்டு வாய் தண்ணீர். இரவில் ஒரு கரண்டி குழைந்த சாதம், அவ்வளவுதான்.

வயிற்றை அறுப்பதை எதிர்த்த அத்தைதான் முதலில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தன்னுடைய நாற்பத்தாறாவது வயதில் பாளையங்கோட்டையில் கருப்பையை எடுத்ததையும், மூன்று மாதம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடாமல் தன் தாயார் பார்த்துக்கொண்டதையும் செவலையிடமே சொல்லிக்கொண்டிருந்தார். "அறுத்த ஒடம்புளா. அசையாமக் கெட."

மறுநாள் காலையில் ஒரு சிறு தகராறு. அத்தை மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து எடுத்து வந்துவிட்டார். காயத்தில் எதையும் தடவக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மஞ்சள், எண்ணெய், முகப்பவுடர், நாம் காயத்துக்குப் போடும் கிருமிநாசினி எதுவும் ஆகாது. தையல் போட்ட இடம் உலர்ந்தும் சுத்தமாகவும் இருந்தால் போதும், அது தானே மூடிக்கொள்ளும். நாம் ஒன்றைத் தடவினால் ஈரம் சேரும். வாசனைக்கு நாய் இன்னும் அதிகமாக நக்கப் பார்க்கும். அத்தை முணுமுணுத்துக்கொண்டே கிண்ணத்தைத் திரும்ப எடுத்துப் போனார்.

இரண்டாம் நாள் சிறுநீர் போயிற்று, மலம் போகவில்லை. பயந்துபோய்க் கேட்டேன். பட்டினியும் மருந்தும் சேர்ந்து ஒன்றிரண்டு நாள் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மூன்றாம் நாள் அதுவும் சரியாயிற்று. சாப்பிட்டது. வாலை ஆட்டியது. மகன் பள்ளியிலிருந்து வந்ததும் எழுந்து ஓடப் பார்த்தது.

ஆபத்து தொடங்குவதே அங்கேதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நாய் படுத்துக் கிடக்கும்வரை நாம் பயத்தோடு கவனிக்கிறோம். அது எழுந்து வாலை ஆட்டியதும் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். வெளித்தோல் ஒட்டினாற்போல் தெரியும். ஆனால் உள்ளே வயிற்றுச் சுவரின் தையல் உறுதிப்பட இன்னும் நாள் வேண்டும். நாய்க்கு அது தெரியாது. காயம் ஆறும்போது ஊறல் எடுக்கும், நக்கத்தான் தோன்றும். நாய் எச்சில் காயத்தை ஆற்றும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். சொரசொரப்பான நாக்கு தையலை இழுக்கும், வாயிலுள்ள கிருமி காயத்துக்குள் போகும். நடப்பது இதுதான்.

நான்காம் இரவு

டிசம்பர் 29 இரவு. கூடத்தில் அத்தை திவானில் படுத்திருந்தார். கீழே செவலை, பக்கத்தில் மெத்தை போட்டு நான். புனலோடு அதனால் தலையைச் சாய்க்க முடியவில்லை. திரும்பினால் சுவரில் இடிக்கிறது. எழுந்தால் மேஜைக் காலில் மாட்டுகிறது. பதினொரு மணிக்கு என் அருகில் வந்து நின்று, அந்தப் புனலுக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பத்து நாள் கழற்றவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் நான் பக்கத்தில்தானே இருக்கிறேன், அரை மணி நேரம்தானே, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கழற்றினேன். செவலை பெருமூச்சு விட்டு, என் கைமேல் தாடையை வைத்துக் கண்ணை மூடியது. அந்தச் சுகத்தில் நானும் தூங்கிப்போனேன்.

இரண்டு மணிக்கு 'சப் சப்' என்ற சத்தம் கேட்டு விழித்தேன். விளக்கைப் போட்டால், சேலையில் ரத்தத் திட்டு. இரண்டு தையலைக் காணோம். அரை அங்குலத்துக்குக் காயம் வாய் பிளந்திருந்தது.

என் கணவரும் மகனும் எழுந்து ஓடி வந்தார்கள். மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தோம். "முதலில் புனலை மாட்டுங்கள். சுத்தமான துணியால் மூடுங்கள். எதையும் தடவாதீர்கள். உள்ளேயிருந்து ஏதாவது துருத்திக்கொண்டு தெரிகிறதா?" தெரியவில்லை என்றோம். அப்படித் தெரிந்தால், அதை உள்ளே தள்ளாமல், ஈரமான சுத்தத் துணியால் மூடி அந்த நிமிடமே தூக்கி வர வேண்டும் என்றார். ஈறைப் பார்க்கச் சொன்னார். இளஞ்சிவப்பாக இருந்தது. வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாம். விடிந்ததும் கொண்டு வரச் சொன்னார்.

விடியும்வரை யாரும் தூங்கவில்லை. அப்போதுதான் என் மகன், "ஆச்சிதான் பாவம் பார்த்துக் கழற்றியிருப்பாங்க" என்றான். என் கணவர் அத்தையைப் பார்த்து, "உங்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்மா? மஞ்சளைக் கொண்டுவந்தப்பவே நினைச்சேன்" என்று சத்தம் போட்டார்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். புத்தகம் படித்தவள், மருத்துவரிடம் பேசியவள், மாமியாருக்கு மஞ்சள் கூடாது என்று பாடம் எடுத்தவள் நான். அந்த இடத்திலிருந்து இறங்கி வர வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

காலை ஏழு மணிக்கு, பத்தடி தூரம்கூடத் தெரியாத மூடுபனியில், ஆட்டோவில் செவலையை மடியில் வைத்துக்கொண்டு போனோம். நல்ல வேளை, உள் தையல் அப்படியே இருந்தது. தோல் மட்டும்தான் பிரிந்திருந்தது. சுத்தம் செய்து மறுபடி தைத்தார்கள். இன்னும் ஐந்து நாள் மருந்து. பத்தியக் கணக்கு முதலிலிருந்து.

திரும்பி வந்ததும் அடுக்களையில் அத்தையிடம் போனேன். "அத்தை, கழற்றினது நான்தான்" என்றேன்.

அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்ளா. நான் முழிச்சுக்கிட்டுதான் கெடந்தேன். நீ களத்தும்போது பாத்தேன். வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தேன். அது ஒன் கையில தலைய வச்சிச்சு பாரு, எனக்கும் மனசு வரல. பேசாமப் படுத்துக்கிட்டேன்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடமும் மகனிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் தன் தாயாரிடம் நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவருக்குப் பிடித்த ரேவடி வாங்கி வந்து வைத்தார்.

அதன்பிறகு புனலுக்குக் காவல் அத்தைதான். ஜனவரி 11-ஆம் தேதி தையல் பிரிக்கும்வரை, யாராவது அதன் பக்கம் கையைக் கொண்டுபோனால் போதும், "ஏல, தொடாத" என்று குரல் வரும். செவலை எத்தனை பரிதாபமாகப் பார்த்தாலும் அவர் அசையவில்லை. ஒரு வாரம் கழித்து என்னிடம் சொன்னார்: "எங்கம்மாவும் இப்படித்தான் எங்கிட்டக் கண்டிசனா இருந்தா. அப்ப எனக்கு அவ மேல அவ்வளவு கோவம்."

உங்கள் வீட்டில் நடந்தால்

இப்படி ஒரு ஆபரேஷனை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களுக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை:

1. வீட்டில் முழு நேரமும் ஒருவராவது இருக்கிற மாதிரி நாள் குறியுங்கள். முதல் மூன்று நாள் மட்டும் போதாது. தையல் பிரிக்கும்வரை, அதாவது பத்திலிருந்து பதினான்கு நாள் வரை கண்காணிப்பு வேண்டும்.

2. புனலை மருத்துவர் சொல்லும்வரை கழற்றாதீர்கள். சாப்பிடும்போது கிண்ணத்தைச் சற்று உயர்த்திப் பிடித்தால் புனலோடேயே சாப்பிடப் பழகிவிடும். மூக்கு புனலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புனல் சிறியது என்று அர்த்தம், மாற்றிக் கேளுங்கள்.

3. காலையும் மாலையும் வெளிச்சத்தில் காயத்தைப் பாருங்கள். முதல் சில நாள் லேசான சிவப்பும் வீக்கமும் இருக்கும். நாளுக்கு நாள் வீக்கம் கூடினாலோ, சீழ், துர்நாற்றம், விடாத ரத்தக் கசிவு, இடைவெளி தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். வாந்தி நிற்காவிட்டாலும், ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலும் அப்படியே.

4. மூக்கைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்யாதீர்கள். நாயின் சாதாரண உடல் வெப்பமே ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும்.

5. நம் வீட்டு அலமாரியிலுள்ள வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. ஐபுப்ரோஃபென் போன்றவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். மருத்துவர் தந்த மாத்திரையை, தந்த அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள்.

6. குளிப்பாட்டக் கூடாது. மாடிப்படி, சோபாவில் தாவுதல், மற்ற நாய்களோடு விளையாட்டு எதுவும் கூடாது. வாரைப் பிடித்துக்கொண்டு, வாசல்வரை போய்ச் சிறுநீர் கழித்துவிட்டுத் திரும்பினால் போதும்.

7. வெங்காயம் போட்ட சாம்பார் சாதமும் திராட்சை போட்ட கேசரியும் நாய்க்கு எப்போதுமே ஆகாதவை. உடம்பு தளர்ந்திருக்கும் நாளில் "பாவம், ஒரு வாய்" என்று பாட்டிமார் ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் காயத்தில் ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும். அந்த மாதங்களில் நாயைக் கூரைக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தெரு நாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றைக் கொல்லாமல், பிடித்துக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து திரும்ப விடும் முறையைச் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே தொடங்கிவிட்டது. சென்னை மாநகராட்சி 1996-இல் அதை ஏற்றது. மத்திய அரசின் விதிகள் 2001-இல் வந்தன. 2023-இல் அவை புதிதாகத் திருத்தி எழுதப்பட்டன. இந்த விஷயத்தில் நம் ஊர் முன்னே போயிருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. உங்கள் காலனியில் காதில் சிறு வெட்டோடு ஒரு நாய் திரும்பி வந்தால் அதற்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று அறியலாம். அதற்குப் புனல் மாட்ட ஆள் இல்லை. தண்ணீர் வையுங்கள், போகும்போதும் வரும்போதும் வயிற்றுப் பக்கம் ஒரு பார்வை பாருங்கள், ஏதாவது தெரிந்தால் கொண்டுவந்து விட்டவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

செவலைக்கு வயிற்றில் இப்போது ஒரு மெல்லிய கோடு மட்டும் இருக்கிறது. நான் பிரிய விட்ட இடத்தில் அது சற்றுத் தடித்திருக்கும். தடவிக் கொடுக்கும்போது விரலில் படும்.

அத்தை அம்பாசமுத்திரத்துக்கே திரும்பிப் போய்விட்டார். தில்லிக் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் பேசுவார். கருத்தடைக்குப் பிறகு நாய்க்கு உணவுத் தேவை குறையும், பழைய அளவிலேயே போட்டால் எடை கூடிவிடும் என்று தையல் பிரிக்கிற அன்று மருத்துவர் சொன்னதை அவர் மறக்கவே இல்லை. மகன், பேரன், நான் எல்லோரும் நலமா என்று கேட்டு முடித்ததும், கடைசியில் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்பார்:

"ஏளா, அது பாக்குற பார்வைக்கு எரங்கி ரெண்டாந்தடவ சோறு போடுதியா?"

"இல்லை அத்தை" என்பேன். காலடியில் படுத்துக்கொண்டு செவலை என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.